நவம்பரில் ஆம்ஸ்டர்டாம்: பெட்டியில் எதை வைப்பது, உடம்பில் எதைப் போடுவது

நம் ஊரிலிருந்து நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு விதமான ஆலோசனை கிடைக்கும். "அங்கே பனி கொட்டும், தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு போ" என்பார் ஒருவர். "பத்து டிகிரிதானே, ஊட்டியில் பார்க்காத குளிரா, ஒரு ஸ்வெட்டர் போதும்" என்பார் இன்னொருவர். முதல் ஆளை நம்பினால் பெட்டியில் பாதி இடத்தை ஒரு தடித்த கோட்டு அடைத்துக்கொள்ளும். இரண்டாம் ஆளை நம்பினால் முதல் நாள் மாலையே சளி பிடிக்கும். ஈரக் காலுறையோடு அந்த ஊர்க் கால்வாய் ஓரங்களில் ஒரு மாலை முழுக்க நடந்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். சென்னை, மதுரை, கோவையிலிருந்து முதல்முறை ஐரோப்பா போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஒரு வாரப் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## 1. குளிரின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் பகலில் 9, 10 டிகிரி வரை போகும். இரவில் 4, 5 டிகிரிக்கு இறங்கும். பனி பெய்வது அந்த மாதத்தில் அபூர்வம். எண்களை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை.

சிக்கல் காற்றில் இருக்கிறது. வடகடல் பக்கத்திலேயே இருக்கிறது, சுற்றுவட்டாரம் முழுக்கத் தட்டை, காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது 0 டிகிரி போலத்தான் இருக்கும். அதோடு மழை. நம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டு நிற்கும். நனைந்தாலும் வெதுவெதுப்பான தண்ணீர்தான். அங்கே தூறல் வரும், நிற்கும், இருபது நிமிடம் கழித்து மறுபடி வரும், பெரும்பாலும் பக்கவாட்டில் வரும். நனைந்த துணியில் காற்று பட்டால் பத்து நிமிடத்தில் நடுக்கம் தொடங்கும்.

இன்னொரு விஷயம், கட்டடங்களுக்குள்ளும் டிராமுக்குள்ளும் நன்றாகச் சூடேற்றி வைத்திருப்பார்கள். ஒரே நாளில் பத்துத் தடவை 6 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கும் அங்கிருந்து திரும்ப 6 டிகிரிக்கும் போய் வருவீர்கள். ஆகவே கழற்றி மாட்ட எளிதான மெல்லிய அடுக்குகளே தேவை. ஒரே தடித்த கோட்டு இந்த ஊருக்குச் சரிப்படாது.

பணத்தை எங்கே போடுவது என்பதும் இதிலிருந்தே தெளிவாகும். மழையும் காற்றும் புகாத ஒரு மேல் ஜாக்கெட், தண்ணீர் புகாத ஒரு ஷூ. செலவில் முக்கால் பங்கு இந்த இரண்டுக்குப் போகட்டும். மற்றதை வீட்டு அலமாரியிலிருந்தும் மலிவுக் கடையிலிருந்தும் தேற்றிவிடலாம்.

## 2. துணிக்கடைக்கு முன்னால் விசா

ஆம்ஸ்டர்டாம் இருக்கும் நெதர்லாந்துக்குத் தேவை ஷெங்கன் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. அதன் விண்ணப்பத்தைப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசியாக 15 நாள் முன்புவரை. அந்தக் கடைசி நாளை நம்ப வேண்டாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள்வரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்பி வராது. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்பதாக இருக்க வேண்டும்.

துணிக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். விசா கையில் வரும்வரை பலர் எதையும் வாங்காமல் காத்திருக்கிறார்கள். விசா வந்ததும் நான்கு நாளில் ஓடி ஓடி வாங்கிய ஷூ அங்கே போய்க் காலைக் கடிக்கிறது. ஆகவே ஷூவை மட்டும் விண்ணப்பம் கொடுத்த வாரமே வாங்கிவிடுங்கள். விசா வராவிட்டாலும் நல்ல ஷூ வீணாகாது. ஜாக்கெட்டை விசா வந்த பிறகு வாங்கினால் போதும்.

எல்லையில் காட்ட வேண்டிய காகிதங்களை அச்செடுத்துக்கொள்ளுங்கள்: ஹோட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீட்டுச் சான்று, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம். இவற்றை ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் விரல்ரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு வரிசையில் நேரம் பிடிக்கலாம். தரையிறங்கிய ஒரு மணி நேரத்தில் ரயில், இரண்டு மணி நேரத்தில் மியூசியம் என்று நெருக்கித் திட்டம் போடாதீர்கள்.

## 3. மேல் ஜாக்கெட்

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். கடைக்காரர் "வாட்டர்ப்ரூஃப் சார்" என்று சத்தியம் செய்வார். எனக்கும் ஒருவர் செய்தார்; அரை மணி நேரத் தூறலில் இரண்டு தோளும் நனைந்தன. வாய்ச்சொல்லை விட்டுவிட்டு உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள்.

"வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்றிருந்தால் சிறு தூறலைச் சில நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். "வாட்டர்ப்ரூஃப்" என்றும், பக்கத்தில் 5,000 மி.மீ., 10,000 மி.மீ. என்று ஓர் எண்ணும் இருக்க வேண்டும். அந்தத் துணி எவ்வளவு உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதன் அளவு அது. காற்றோடு சேர்ந்து அடிக்கும் மழைக்கு 10,000 இருந்தால் நிம்மதி, 5,000 சமாளிக்கும். அதற்குக் கீழே வேண்டாம்.

அப்புறம் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பித் தையல்களைப் பாருங்கள். தையல் மேல் பட்டையாக டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஊசி போன துளைகளின் வழியாகத்தான் தண்ணீர் முதலில் புகும். டேப் இல்லை என்றால் லேபிளில் எந்த எண் போட்டிருந்தாலும் பயனில்லை.

இதையும் பாருங்கள்: தலைமூடி (ஹூட்) இருக்க வேண்டும், அதைக் கயிறிட்டு இறுக்க முடிய வேண்டும், இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே பின்னால் விழும். இடுப்புக்குக் கீழே, தொடையின் மேல்பகுதிவரை நீளம் இருக்கட்டும். பாக்கெட்டுகளுக்கு ஜிப் வேண்டும். அளவு பார்க்கும்போது உள்ளே ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பாருங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் வயிறு தெரியக் கூடாது. சென்னை வெயிலில் ஸ்வெட்டரோடு கடைக்குள் நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

வாங்கியதும் வீட்டில் ஒரு சோதனை. உள்ளே உலர்ந்த டி-ஷர்ட் ஒன்றைப் போட்டு, மேலே ஜாக்கெட்டை மாட்டி, ஷவரின் கீழே பத்து நிமிடம் நில்லுங்கள். டி-ஷர்ட் நனைந்தால் மறுநாளே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். இதற்காகவே பில்லைப் பத்திரமாக வைத்து, திருப்பிக் கொடுக்கும் கெடுவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை: நம் ஊரின் பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் ஏறத்தாழ 3,000 முதல் 5,000 ரூபாய்க்கு நல்லது கிடைக்கும். குளிர் உடைகளை வாடகைக்குத் தருகிற கடைகளும் நகரங்களில் உண்டு. அவற்றில் பெரும்பாலும் பனிமலைக்கான பொதிபொதியான கோட்டுகள்தான் இருக்கும். பறவை இறகு அடைத்த ஜாக்கெட் உலர்ந்த குளிருக்கு அருமையானது. ஈரமானால் இறகு கட்டியாக ஒட்டிக்கொண்டு சூடு போய்விடும். அப்படி ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், மழை ஜாக்கெட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்ளுங்கள், வெளியே வேண்டாம். நம் ஊர் பைக் ரெயின்கோட் மழையை நிறுத்தும், ஆனால் வியர்வையையும் உள்ளேயே நிறுத்திவிடும். நாள் முழுக்க நடக்க ஆகாது.

## 4. ஷூவும் சாக்ஸும்

அந்த ஊரில் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் சாதாரணமாக நடப்பீர்கள். பழைய தெருக்கள் செங்கல் பதித்தவை. அவற்றின் மேல் நனைந்த இலைகள் படிந்து கிடக்கும், நன்றாக வழுக்கும். வலை போன்ற துணி வைத்த ஓட்டப் பயிற்சி ஷூ முதல் குட்டையிலேயே நனைந்துவிடும். அலுவலகத் தோல் ஷூவுக்கு அடிப்பிடி கிடையாது.

தேவையானது உள்ளே நீர்புகாப் படலம் வைத்த நடை ஷூ. கோர்-டெக்ஸ் என்று போட்டிருந்தால் விலை கூடும். கடைகளின் சொந்தத் தயாரிப்புகளிலும் இதே வசதி உண்டு. ஏறத்தாழ 4,000 முதல் 6,000 ரூபாய் ஆகும். கணுக்காலை மூடும் உயரம் இருந்தால் நல்லது. நிறம் கறுப்போ அடர் பழுப்போ இருந்தால் மாலை உணவகத்துக்கும் அதையே போட்டுப் போகலாம், இரண்டாவது ஜோடி தேவைப்படாது. ஒரு ஜோடி ஒரு கிலோ எடை. பெட்டியில் அது பெரிய விஷயம்.

அளவு பார்க்கத் தடித்த சாக்ஸோடு மாலை நேரத்தில் போங்கள். நாள் முழுக்க நின்ற பிறகு கால் சற்று வீங்கியிருக்கும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விடுங்கள். வாங்கிய பிறகு இரண்டு மூன்று வாரம் காலை நடைக்கு அதையே போட்டுப் பழக்குங்கள். வியர்த்து வடியும், பரவாயில்லை.

சாக்ஸ் விஷயத்தில் ஒரு தவறான பழக்கம் நம்மிடம் உண்டு. குளிருக்கு இரண்டு சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது. ஷூ இறுகி இரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சில்லிடும். கம்பளி கலந்த ஒற்றைச் சாக்ஸ் போதும். ஐந்து ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஓர் உலர்ந்த ஜோடியை எப்போதும் கைப்பையில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருங்கள். மதியம் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து சாக்ஸை மாற்றினால் மிச்ச நாள் பிழைக்கும்.

அப்படியும் ஷூ நனைந்தால் உள்அட்டையை உருவிவிட்டு, கசக்கிய செய்தித்தாளை உள்ளே திணித்து, அறையின் ஹீட்டருக்கு இரண்டடி தள்ளி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். ஹீட்டர் மேலேயே வைத்தால் பசை இளகி அடிப்பாகம் கழன்றுகொள்ளும்.

## 5. உள்ளே போடுவது

உடம்பை ஒட்டி முதலில் தெர்மல், அதாவது குளிருக்கான இறுக்கமான உள்ளுடை. மேலுக்கு இரண்டு, காலுக்கு இரண்டு, ஒரு வாரத்துக்குப் போதும். பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி என்று பார்த்து வாங்குங்கள். திருப்பூர் காட்டன் பனியன் நம் வெயிலுக்கு அருமையானது. அங்கே அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு காயவே காயாது. டிராமிலிருந்து இறங்கிக் காற்றில் நின்றதும் முதுகில் ஈரத்துணி போட்டதுபோல் குளிரும். காட்டன் பனியனை இரவில் தூங்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். தெர்மல் ஒரு செட் ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய்.

அதன் மேல் முழுக்கைச் சட்டையோ டி-ஷர்ட்டோ. அதற்கும் மேல் ஒரு ஃப்ளீஸ், மெத்தென்ற, எடை குறைந்த குளிர் மேலாடை, முன்னால் முழுநீள ஜிப் வைத்தது. தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் வேண்டாம். நெரிசலான டிராமில் கழற்றிப் பார்த்தால் ஏன் என்று புரியும். தெருவோரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஜிப் ஸ்வெட்டரே இதற்குப் போதும். மழையும் காற்றும் மேல் ஜாக்கெட்டோடு நின்றுவிடும், உள்ளே இருப்பதற்குச் சூடு பிடிக்கும் வேலை மட்டும்தான்.

ஜீன்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் எடுத்துப் போகிறார்கள். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், தொடையில் ஒட்டிக்கொள்ளும், ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டாலும் காலையில் இடுப்புப் பட்டை ஈரமாகவே இருக்கும். விமானத்துக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அது போதும். ஊர் சுற்றுவதற்கு விரைவில் காயும் நடைப்பயணக் கால்சட்டை இரண்டு. குளிரான நாளில் உள்ளே தெர்மல், இல்லாத நாளில் அதுமட்டும்.

## 6. தலை, கை, குடை

காதை மூடும் குல்லா ஒன்று, மப்ளர் ஒன்று. கையுறையில் மட்டும் இரண்டு ஜோடி: ஒன்று தொடுதிரையில் விரல் வேலை செய்கிற மெல்லியது, இன்னொன்று நீர்புகாதது. நனைந்த கையுறை, இல்லாததைவிட மோசம். கண்ணாடி போடுகிறவர்கள் முன்விளிம்பு வைத்த சாதாரணத் தொப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஜாக்கெட்டின் தலைமூடியை இழுத்துவிட்டால் கண்ணாடியில் துளிகள் விழாது.

குடையை நம்பாதீர்கள். சாதாரண மடக்குக் குடை அந்தக் காற்றில் பாலத்தின் நடுவில் வந்ததும் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கம்பி உடையும். மழை ஓய்ந்த மாலையில் குப்பைத் தொட்டிகளைப் பாருங்கள், குடைகளாகக் கிடக்கும். டெல்ஃப்ட் நகரத்து மாணவர்கள் தொடங்கிய சென்ஸ் என்ற நிறுவனம் ஒரு பக்கம் குட்டையும் மறுபக்கம் நீளமுமாகப் புயல் குடை செய்கிறது. அது தாங்கும், ஆனால் விலை கூடுதல். மழை ஜாக்கெட் சரியாக இருந்தால் குடையே தேவையில்லை. உள்ளூர்க்காரர்களில் பலர் மழையிலும் சைக்கிளில்தான் போகிறார்கள்.

சைக்கிள் வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால் பொன்ச்சோ, அதாவது தலைவழியாகப் போர்த்திக்கொள்ளும் தொளதொள மழைக் கோட்டு, வேண்டாம். காற்றில் பாய்மரம் மாதிரி விரிந்து உங்களை இழுத்துப்போகும். இருட்டிய பிறகு முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம். நனைந்த டிராம் தண்டவாளத்தை நேராக வெட்டிக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் மாட்டும். நடந்து போகிறவர்கள் செந்நிறப் பாதையில் கால் வைக்காதீர்கள், அது சைக்கிள் பாதை. தலைமூடியைப் போட்டிருக்கும்போது பக்கவாட்டுப் பார்வை குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

## 7. சேலை கட்டும் அம்மாக்கள், குழந்தைகள்

அம்மாவையோ மாமியாரையோ கூட்டிப் போகிறீர்கள் என்றால் இந்தப் பேச்சைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். சேலையின் கீழ்விளிம்பு தரையிலுள்ள ஈரத்தை முழங்கால்வரை உறிஞ்சும், காற்று முந்தானையை விடாது. சுடிதாரின் உள்ளே தெர்மல் போட்டுக்கொள்ளச் சம்மதித்தால் பாதிக் கவலை தீரும். "எனக்குச் சேலைதான்" என்றால் சண்டை போடாதீர்கள். உள்பாவாடைக்கு உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், பருத்திக்குப் பதிலாகச் சீக்கிரம் காயும் சின்தெடிக் சேலை, வழக்கத்தைவிட இரண்டு விரல் தூக்கிக் கட்டு, மேலே முழங்கால்வரை வரும் மழைக் கோட்டு. காலில் செருப்பு மட்டும் கூடவே கூடாது. ஷூ பழகாத கால் என்றால் இன்னும் முன்னதாகவே பழக்கத் தொடங்குங்கள்.

குழந்தைகளுக்கு மேலும் கீழும் சேர்ந்த மழை உடுப்பும் ரப்பர் பூட்ஸும் வேண்டும். இவற்றை அங்கேயே ஹேமா, டெக்கத்லான் போன்ற கடைகளில் வாங்குவது நல்லது. அளவு பார்த்து வாங்கலாம், தரமும் இருக்கும். தள்ளுவண்டிக்கு மழை உறையை இங்கிருந்தே கொண்டுபோங்கள். நடக்கிற நமக்கு உடம்பு சூடாகும், வண்டியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆகாது. நம்மைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் போடுங்கள். நவம்பர் நடுவில், குழந்தைகளுக்குப் பரிசு தரும் அந்த ஊர்த் தாத்தா சின்டர்கிளாஸ் படகில் வந்திறங்கும் ஊர்வலம் உண்டு. கால்வாய்க் கரையில் நெடுநேரம் அசையாமல் நிற்க வேண்டியிருக்கும். அன்றைக்கு எல்லோருக்குமே ஓர் அடுக்கு கூடுதல்.

## 8. பெட்டி கட்டுவது

பெரிய பெட்டி வேண்டாம். ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகளில் மாடிப்படி ஏணி போலச் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். சின்ன ஹோட்டல்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. அறை பதிவு செய்யும்போதே லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள், முக்கியமாகப் பெரியவர்கள் வருவதாக இருந்தால். நடுத்தரப் பெட்டி ஒன்று, முதுகுப்பை ஒன்று, இவ்வளவுதான்.

கைப்பையில் போக வேண்டியவை: மழை ஜாக்கெட், ஒரு செட் தெர்மல், ஒரு ஜோடி சாக்ஸ், ஃப்ளீஸ், மருந்து, காகிதங்கள், பவர் பேங்க். சென்னையிலிருந்து போனால் வழியில் எங்காவது விமானம் மாற வேண்டியிருக்கும், பெட்டி ஒரு நாள் பிந்தி வரலாம். அந்த ஒரு நாளை இதை வைத்துச் சமாளிக்கலாம். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான்.

மருந்துக்கு மருத்துவர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் பொதுப்பெயரோடு இருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு; அவசியம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுக்கூட விழாது. உதடும் கையும் வெடிக்காமலிருக்க வாசலின் எடுத்துக்கொள்ளுங்கள்.

மின் இணைப்பு 230 வோல்ட்தான், நம் ஊரைப் போலவே. இரண்டு உருண்டை முனை கொண்ட ஃபோன் சார்ஜர் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். மூன்று முனை பிளக் போகாது. ஓர் அடாப்டர் போதும். ஒரு சின்ன ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஹோட்டல் அறையிலும் கெட்டில் இருக்காது. காலை உணவு நேரத்தில் வெந்நீர் நிரப்பிக்கொண்டால் மதியம்வரை தாங்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரக் கூடாது. நெய்யும் தயிரும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் பரவாயில்லை. எண்ணெய் கசியாமல் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள்.

## 9. கிளம்பும் நாள்

நவம்பர், டிசம்பர் சென்னையில் புயல் காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். ஆகவே ஆம்ஸ்டர்டாமில் இறங்கும் நாளுக்கும் மறுநாளுக்கும் நேரம் குறித்த டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். அன்னா ஃபிராங்க் இல்லத்துக்கு இது மிக முக்கியம்: ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரத்துக்குப் பிந்தைய டிக்கெட்டுகளை இணையத்தில் விடுகிறார்கள், நேரில் போனால் கிடைக்காது.

துணிகளை ஒரு வாரம் முன்பே துவைத்துவிடுங்கள். அடைமழையில் எதுவும் காயாது. ஈரவாடையோடு மடித்து வைத்தால் பெட்டி முழுக்க அந்த வாடைதான். பெட்டிக்குள் துணிகளைப் பிளாஸ்டிக் பைகளில் பிரித்து வையுங்கள். நம் விமான நிலையத்திலும் பெட்டி மழையில் நிற்கும், அங்கேயும் நிற்கும்.

உடம்பில் ஜீன்ஸ், டி-ஷர்ட், காலில் அந்த நடை ஷூ. தெர்மலை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள், மீனம்பாக்கம் போவதற்குள் குளித்தது போலாகிவிடும். ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்கிய பிறகு கழிப்பறையில் மாற்றிக்கொள்ளலாம்.

## 10. அங்கே ஒவ்வொரு நாளும்

ஸ்கிபோலிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ரயிலில் கால் மணி நேரம். தொடாமல் பணம் கட்டும் வங்கி அட்டையை நுழையும்போதும் வெளியேறும்போதும் தட்டினால் போதும். வெளியேறும்போது தட்ட மறந்தால் கூடுதலாகப் பிடிப்பார்கள். மழை நாளில் நகர டிராம், பேருந்து, மெட்ரோவுக்கான ஒரு நாள் டிக்கெட் ஏறத்தாழ 10 யூரோ. யோசிக்காமல் வாங்குங்கள், ஆனால் அது விமான நிலைய ரயிலுக்குச் செல்லாது.

பூயன்ரேடார் என்ற செயலியை ஃபோனில் இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு மணி நேரத்தில் எப்போது மழை, எவ்வளவு மழை என்று வரைபடமாகக் காட்டும். அந்த ஊர் மக்கள் கடையிலிருந்து வெளியே வருமுன் அதைத்தான் பார்க்கிறார்கள். "இன்னும் பதினைந்து நிமிடத்தில் நிற்கும்" என்று காட்டினால் இன்னொரு காபி சொல்லுங்கள். தேசிய வானிலை நிறுவனம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். ஆரஞ்சு என்றால் வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், ரயில்களும் நிற்கலாம்.

நவம்பர் கடைசியில் சூரியன் காலை எட்டேகாலுக்குப் பிறகுதான் எழும், மாலை நாலரைக்கு மறையும். நகரத்துக்கு வெளியே சான்ஸே ஸ்கான்ஸ் என்ற இடத்தின் காற்றாலைகளைப் பார்ப்பது, தெருக்களில் நடப்பது எல்லாவற்றையும் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் முடியுங்கள். அருங்காட்சியகங்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மூடும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றாலைகள் இருப்பது திறந்த வெளி, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்து கிளம்பும் இலவசப் படகிலும் காற்று பலமாக அடிக்கும்; அந்த நாட்களில் குல்லாவும் நீர்புகாக் கையுறையும் கட்டாயம். நவம்பர் இறுதியில் தொடங்கும் ஒளி விழாவைப் படகிலிருந்து பார்ப்பதானால் மூடிய, சூடேற்றிய படகு என்று உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

ரைக்ஸ் அருங்காட்சியகத்திலும் வான் கோ அருங்காட்சியகத்திலும் ஈரக் கோட்டையும் குடையையும் வைக்க இலவச அறை இருக்கிறது. ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே எடுத்துப்போக முடியாது. பாஸ்போர்ட்டும் பணமும் வைக்க ஒரு சிறு பை தனியாக இருந்தால் கோட்டு வைக்கும் வரிசையில் நின்று துழாவ வேண்டியதில்லை.

இரவில் அறைக்கு வந்ததும் தெர்மலையும் சாக்ஸையும் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, ஹீட்டர் பக்கம் விரித்துவிடுங்கள், காலையில் காய்ந்திருக்கும். ஜாக்கெட்டைக் குளியலறையில் தொங்கவிடுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் பதற வேண்டாம். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் டம்ராக் தெருவில் பிரைமார்க், கால்வர்ஸ்ட்ராட் தெருவில் யூனிக்லோ என்ற துணிக்கடைகள் இருக்கின்றன. கையுறை, குல்லா, தெர்மல் எல்லாம் கிடைக்கும். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டு விலையைப் பாருங்கள்.

## 11. திரும்பும்போது

ஒரே கடையில் ஒரே பில்லில் 50 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்க வேண்டும். ஸ்கிபோலில் பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்க மேசையில் பொருளைக் காட்டி முத்திரை வாங்குங்கள். பெட்டி உள்ளே போன பிறகு போனால் காட்டப் பொருள் இருக்காது. இதற்காக மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் இருங்கள்.

ஈரமான எதையும் தனிப் பையில் கட்டிப் பெட்டியில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். டிசம்பர் ஈரக்காற்றில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். மழை ஜாக்கெட்டை மென்மையான சோப்பு நீரில் துவைக்கலாம். கம்ஃபர்ட் போன்ற துணி மென்மையாக்கி மட்டும் கூடாது, நீர்விலக்கும் பூச்சைக் கெடுத்துவிடும். நிழலில் உலர்த்தி, மடிக்காமல் ஹேங்கரில் மாட்டி வையுங்கள். வாடகைக்கு எடுத்த உடை ஏதாவது இருந்தால் துவைத்துக் கொடுக்க வேண்டுமா, அப்படியே கொடுக்கலாமா என்று கடையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். முன்பணத்தில் கழிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.